உப்புத்தண்ணி பம்ப் ஷாஃப்ட்டுக்கு எந்த ஸ்டீல்? வலு, டஃப்னஸ் (விரிசல் விட்டாலும் படார்னு உடையாம தாங்கற குணம்), துருப்பிடிக்காத குணம் மூணும் ஒண்ணா கிடைக்குமா?

வாசகர் ஒருத்தர் கேட்டது சுருக்கமா இதுதான்: "உப்புத்தண்ணி ஏத்துற பம்ப்புக்கு ஷாஃப்ட் செய்யறோம். முதல்ல ஈஎன்24ங்கற வலுவான அலாய் ஸ்டீலை டி கண்டிஷன்ல, அதாவது ஹார்டன் பண்ணி டெம்பர் பண்ணினதை போட்டோம், வலுவுக்கு குறை இல்ல, ஆனா குழி குழியா அரிச்சு ஒரு குழியில இருந்தே உடைஞ்சிருச்சு. அப்புறம் 316ங்கற ஸ்டெயின்லெஸ் போட்டோம், துரு இல்ல, கீவே (சாவிக்கட்டை உட்கார்ற பள்ளம்) நசுங்கி ஷாஃப்ட்டும் லேசா முறுக்கிக்கிச்சு. 420ங்கற, ஹார்டன் பண்ணக்கூடிய ஸ்டெயின்லெஸ் வாங்கி 50 ராக்வெல் சி (கடினத்தன்மையோட அளவு) வர்ற மாதிரி ஹார்டன் பண்ணி போட்டோம், சில வாரத்துல விரிசல். இப்ப ஒருத்தர் 17-4 பிஎச்ங்கற ஸ்டெயின்லெஸ் வாங்கி எச்900ங்கற ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணுங்கறார், இன்னொருத்தர் ஈஎன்24 கலவையிலயே 13 சதவீதம் குரோமியம் சேர்த்து இண்டக்‌ஷன் ஃபர்னஸ்ல நாமளே உருக்கிக்கலாம்ங்கறார். எது சரி?"

ரெண்டுமே வேண்டாங்க. ரெண்டாவது யோசனையை இப்பவே விட்டுருங்க, முதல் யோசனையில கிரேடு ஓரளவு சரி, ஹீட் ட்ரீட்மென்ட் தப்பு. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், ஆனா காரணம் புரிஞ்சா அடுத்த தடவை நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

முதல்ல அந்த குரோமியம் ஐடியா. ஸ்டீல்ல கிட்டத்தட்ட 10.5 சதவீதத்துக்கு மேல குரோமியம் இருந்தா மேல ஒரு சில நேனோமீட்டர் தடிமன்ல ஆக்சைடு படலம் உருவாகும், கீறல் விழுந்தாலும் காத்தோ தண்ணியோ பட்டதும் தானா மறுபடி மூடிக்கும், ஸ்டெயின்லெஸ்னா அவ்வளவுதான். அப்ப 13 போட்டா போதுமேன்னு தோணும். இங்க மறந்துபோறது கார்பன். ஈஎன்24ல கார்பன் 0.4 சதவீதம் பக்கம் இருக்கு, அந்த ஸ்டீலோட வலுவே அதுல இருந்துதான் வருது. குரோமியமும் கார்பனும் ஒண்ணையொண்ணு பார்த்தா விடாது, சேர்ந்து கார்பைடு ஆயிடும், அந்த கார்பைடுல 6 கார்பன் அணுவுக்கு 23 குரோமியம் அணு. எடைக்கணக்குல பார்த்தா 1 பங்கு கார்பன் கிட்டத்தட்ட 16 பங்கு குரோமியத்தை இழுத்துக்கும். 0.4ஐ 16ஆல பெருக்குங்க, 6.4 வருது. கார்பன் முழுக்க கார்பைடாயிட்டா 13ல மிச்சம் ஆறரை சதவீதம் குரோமியம்தான், படலம் நிக்கறதுக்கு அது பத்தாது. கார்பைடுல கொஞ்சம் இரும்பும் கலந்திருக்கும்ங்கறதால நிஜத்துல இழப்பு இதைவிட கொஞ்சம் குறையும், ஆனா கார்பைடை ஒட்டின இடத்துல குரோமியம் இன்னும் மோசமா வத்திப்போயிருக்கும், அரிப்பு அங்கதான் ஆரம்பிக்கும்.

உங்க 420 விரிசல் விட்டதும் இதே சண்டையோட இன்னொரு முகம்தான். 420ஐ 1000 டிகிரி செல்சியஸ் தாண்டி சூடாக்கி க்வென்ச் பண்ணினா, அதாவது சட்டுன்னு குளிர வெச்சா, கார்பைடு பெரும்பாலும் கரைஞ்சிரும், குரோமியமும் கார்பனும் ரெண்டுமே மார்டென்சைட்டுங்கற, அப்படி குளிர வெச்சதும் வர்ற ஹார்டான அமைப்புக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கும். அப்புறம் 200 டிகிரி பக்கம் டெம்பர் பண்ணினா, அதாவது மறுபடி சூடாக்கினா, குரோமியம் அசையாது, துருவுக்கு நல்லது, 50 ராக்வெல் சி-யும் கிடைக்கும், ஆனா டஃப்னஸ் ரொம்ப கம்மி. சரி டஃப்னஸ் வேணும்னு 425ல இருந்து 540 டிகிரி வரைக்கும் எங்கயாவது டெம்பர் பண்ணினா டஃப்னஸும் விழும் துரு எதிர்ப்பும் விழும், அந்த ரேஞ்சு பக்கமே போகக்கூடாது. அதுக்கும் மேல போனா டஃப்னஸ் வரும், ஆனா வலு இறங்கிரும், குரோமியமும் கார்பைடுக்கு போயிரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒண்ணு போகுது. 1913ல ஷெஃபீல்டுல ஹாரி பிரியர்லி உருக்கின ஸ்டெயின்லெஸ்ல குரோமியம் 12.8, கார்பன் 0.24 சதவீதம், 420ம் அந்த வம்சம்தான், கத்திக்கும் வால்வு சீட்டுக்கும் அருமையான ஸ்டீல், சுத்துற ஷாஃப்ட்டுக்கு இல்ல.

இதுல ஹைட்ரஜன் வேற இருக்கு. உங்க பம்ப் கேசிங்குல ஜிங்க் அனோடு இருக்கான்னு நீங்க எழுதல, இருந்தா இதை கவனமா படிங்க. அனோடு தன்னைக் கரைச்சு மத்த உலோகத்தைக் காப்பாத்தும்போது ஷாஃப்ட் மேற்பரப்புல ஹைட்ரஜன் உருவாகும், அதுல கொஞ்சம் ஸ்டீலுக்குள்ள போகும். யீல்டு (நிரந்தரமா வளைய ஆரம்பிக்கற ஸ்ட்ரெஸ்) 300, 400 மெகாபாஸ்கல் இருக்கற ஸ்டீலா இருந்தா பெருசா பாதிக்காது, ஆனா யீல்டு 1000 மெகாபாஸ்கலைத் தாண்டின மார்டென்சைட்டா இருந்தா அந்த ஹைட்ரஜனே விரிசலைத் திறந்து விட்டுரும். அனோடே இல்லாட்டியும் பிட்டிங் குழிக்குள்ள தண்ணி அமிலமாகி அங்கேயே ஹைட்ரஜன் வரும். ரொம்ப ஹார்டா இருக்கற ஸ்டீல் உப்புத்தண்ணியில திடீர்னு போறதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம், ஓவர்லோடுன்னு தப்பா நினைச்சுக்கிட்டு இன்னும் ஹார்டா போடறவங்க நிறைய பேர்.

அப்ப கார்பன் இல்லாம வலு எங்க இருந்து வரும்? கடந்த எழுபது எண்பது வருஷமா இந்த மாதிரி ஸ்டீல் உருவாக்கறவங்க மண்டையை உடைச்சுக்கிட்டது இதுலதான். கார்பனை 0.07க்கு கீழயோ அதைவிட கம்மியாவோ இறக்கிட்டா மார்டென்சைட் மெத்துன்னு, டஃப்பா இருக்கும், குரோமியமும் தொந்தரவில்லாம படலத்துக்கு வேலை செய்யும். வலுவுக்கு வேற ஒண்ணைக் கரைச்சு வெச்சு, பின்னாடி மிதமான சூட்டுல ஏஜ் பண்ணி, அதாவது கொஞ்ச நேரம் அந்த சூட்டுலயே வெச்சு, நேனோமீட்டர் அளவு துகளா வெளிய வரவைக்கணும். ஆர்ம்கோ கம்பெனி கொண்டுவந்த 17-4 பிஎச்-ல அது காப்பர், 17 குரோமியம், 4 நிக்கல், 4 காப்பர், பேரே அதுல இருந்து வந்ததுதான். பிஎச்13-8 மாலிப்டினம்ங்கற ஸ்டீல்ல நிக்கலும் அலுமினியமும் சேர்ந்த துகள், கஸ்டம் 465ல நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்தது. இந்தத் துகளெல்லாம் குரோமியத்துல கை வைக்காது, விஷயமே அதுதான்.

இதுலயும் இஷ்டத்துக்கு அள்ளிப்போட முடியாது. குரோமியம், நிக்கல், மாலிப்டினம் எது சேர்த்தாலும் மார்டென்சைட் உருவாக ஆரம்பிக்கற வெப்பநிலை இறங்கிக்கிட்டே போகும், ரொம்ப இறங்கினா ஆறின பிறகும் ஆஸ்டெனைட்டுங்கற, சூட்டுல இருக்கற மெத்துன்ன அமைப்பு மிச்சம் நிக்கும், வலு வராது. அதனாலதான் கஸ்டம் 465 மாதிரி ஸ்டீலை க்வென்ச் பண்ணின கையோட மைனஸ் 73 டிகிரிக்கு குளிர வைக்கச் சொல்றாங்க. அந்த இன்னொருத்தர் சொன்ன ஈஎன்24, குரோமியம் கலவையில கார்பனே 0.4 இருக்கறதால இந்த சிக்கலும் சேர்ந்து வரும்.

குவெஸ்டெக் கம்பெனி கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு வடிவமைச்ச ஃபெர்ரியம் எஸ்53 இதுல தனி ரகம். விமான லேண்டிங் கியருக்கு போடற 300எம்-ங்கற ஸ்டீல் 1900 மெகாபாஸ்கலுக்கு மேல தாங்கும் ஆனா துருப்பிடிக்கும், அதனால காட்மியம் பூசுவாங்க, காட்மியம் விஷம், பூசும்போது ஹைட்ரஜனும் உள்ள போகும். அந்தப் பூச்சே இல்லாம இருக்கணும்னு பண்ணினது எஸ்53, குரோமியம் வெறும் 10 சதவீதம், எல்லைக்கோட்டுலயே நிக்குது, கூட 14 சதவீதம் கோபால்ட், அஞ்சரை நிக்கல், கொஞ்சம் மாலிப்டினமும் டங்ஸ்டனும், கார்பன் 0.21. கார்பைடுலதான் வலு, ஆனா பெரிய கார்பைடா வளராம மிகச்சின்னதா இருக்கற மாதிரி கணக்கு பண்ணியிருக்காங்க. இழுவை வலு 2000 மெகாபாஸ்கலை ஒட்டி வரும். ரசிச்சுப் படிக்கலாம், ஆனா கடல்தண்ணியில ஊறவைக்கறதுக்கு பண்ணினது இல்ல, கோபால்ட் விலைக்கு பம்ப் ஷாஃப்ட்டும் கட்டுபடியாகாது.

இப்படிப்பட்ட ஸ்டீலை முதல்ல வேக்குவம்ல உருக்கி, வேக்குவம் ஆர்க்குல இன்னொரு தடவை உருக்குவாங்க. சல்ஃபர் கொஞ்சம் இருந்தாலும் மாங்கனீஸ் சல்ஃபைடு துகள் உருவாகும், பிட்டிங் ஆரம்பிக்கற இடமும் அதுதான், விரிசல் ஆரம்பிக்கற இடமும் அதுதான். சாதாரண ஸ்டெயின்லெஸ்ஸுக்கே ஆர்கானும் ஆக்சிஜனும் ஊதி கார்பனை எடுக்கற ஏஓடி முறை வேணும், யூனியன் கார்பைடோட லிண்டே பிரிவுல 1954ல கண்டுபிடிச்சது, குரோமியத்தை எரிச்சுத் தொலைக்காம கார்பனை மட்டும் எடுக்கறதுக்கு. திறந்த இண்டக்‌ஷன் ஃபர்னஸ்ல இது எதுவும் நடக்காது, உள்ள போட்ட கார்பன் உள்ளயே இருக்கும், ஆக்சைடு கசடு போனஸ். அதனாலதான் முதல்லயே விட்டுருங்கன்னேன்.

இப்ப உங்க ஷாஃப்ட். நீங்க அனுப்பின விவரத்துலயே பாதி விடை இருக்கு. ஈஎன்24 டி கண்டிஷனோட யீல்டு 650ல இருந்து 700 மெகாபாஸ்கல் பக்கம், அது வலு பத்தாம உடையல, அரிப்புக் குழியில இருந்து ஃபெட்டீக் ஆகி, அதாவது திரும்பத் திரும்ப லோடு வந்து விரிசல் வளர்ந்து, உடைஞ்சிருக்கு. அனீல் பண்ணின 316ஓட குறைஞ்சபட்ச யீல்டு 205, அது பத்தல. அப்ப உங்களுக்கு வேண்டியது இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு. அப்படி இருக்க எதுக்கு எச்900? அதோட குறைஞ்சபட்ச யீல்டே 1170 மெகாபாஸ்கல், 420 போன வழியிலயே இதுவும் போக வாய்ப்பிருக்கு. அதே 17-4ஐ இன்னும் அதிக சூட்டுல ஏஜ் பண்ற எச்1150 பண்ணினா யீல்டு 725, உங்க ஈஎன்24க்கு சமம் இல்ல கொஞ்சம் மேல, அந்த சூட்டுல கொஞ்சம் ஆஸ்டெனைட் திரும்பி உருவாகறதால டஃப்னஸ் பல மடங்கு ஏறும். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கற எண்ணெய்க் கிணறு வேலைக்கு 17-4ஐ ரெண்டு தடவை எச்1150 பண்ணி 33 ராக்வெல் சி-க்கு மேல போகாம வெச்சாதான் ஏத்துக்குவாங்க, அவங்க சும்மா அப்படி வைக்கல.

டஃப்னஸ் ஏன் இவ்வளவு முக்கியம்னா ஒரு சின்ன கணக்கு. ஷாஃப்ட்ல ஸ்ட்ரெஸ் 600 மெகாபாஸ்கல், ஸ்டீலோட ஃப்ராக்சர் டஃப்னஸ் 50ன்னு வெச்சுக்கங்க, யூனிட் மெகாபாஸ்கல் ரூட் மீட்டர். தோராயமா 2 மில்லிமீட்டர் ஆழ விரிசல் வந்தாலே படார்னு போயிரும். டஃப்னஸ் 100ஆ இருந்தா கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் வரைக்கும் தாங்கும், ஏன்னா விரிசல் அளவு டஃப்னஸோட வர்க்கத்துல போகுது. ரெண்டு மில்லிமீட்டரை சர்வீஸ் பண்றப்ப யாரும் பார்க்கறதில்ல, ஒன்பதை டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டற சாயம்) அடிச்சா கண்டிப்பா பார்த்துரலாம்.

ஆனா ஒண்ணு, 17-4க்கு பிட்டிங் எதிர்ப்பு பெருசா கிடையாது. குரோமியம், 3.3 மடங்கு மாலிப்டினம், 16 மடங்கு நைட்ரஜன் மூணையும் கூட்டினா வர்ற நம்பரை வெச்சு ஒப்பிடுவாங்க, 17-4க்கு 17 பக்கம், 316க்கு 24, ரெண்டு வித அமைப்பு கலந்த டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் 2205க்கு 35, சூப்பர் டூப்ளெக்ஸ் 2507க்கு 40க்கு மேல. லேசான உப்பு, பம்ப் ஓடிக்கிட்டே இருக்கும், நின்னா தண்ணியை வடிச்சிருவோம்னா 17-4 எச்1150 போதும். கடல்தண்ணி, இல்ல நாள்கணக்குல தண்ணி உள்ள தேங்கி நிக்கும்னா 17-4 வேண்டவே வேண்டாம், 2507 போடுங்க, யீல்டு 550 குறைஞ்சபட்சம் கிடைக்கும், 316ஐ விட ரெண்டரை மடங்குக்கு மேல. அது பத்தாதுன்னு டிசைன் கணக்குல வந்தா எக்ஸ்எம்-19, நைட்ரானிக் 50ன்னு சொல்லுவாங்க, அதோட ஹை ஸ்ட்ரெங்த் பார் கேளுங்க, படகு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு போடறது. என்னைக் கேட்டா உங்க கதைக்கு 2507தான் முதல் சாய்ஸ். டூப்ளெக்ஸ்ல ஒரே எச்சரிக்கை, அதை ஹார்டன் பண்றேன்னு ஃபர்னஸ்ல வெச்சுராதீங்க, 475 டிகிரி பக்கம் ஊறினா பொறுபொறுன்னு ஆயிடும், 600க்கு மேல சிக்மா ஃபேஸ்ங்கற பொறுபொறுன்ன துகள் வந்து டஃப்னஸ், துரு எதிர்ப்பு ரெண்டையும் கெடுக்கும். வாங்கின கண்டிஷன்லயே லேத்துல ஏத்துங்க.

17-4 பக்கம் போனீங்கன்னா இன்னும் சில விஷயம். எச்900, எச்1150ல இருக்கற நம்பர் ஃபாரன்ஹீட், 482 டிகிரியும் 621 டிகிரியும்தான் செல்சியஸ்ல, ஃபர்னஸ்காரர் 900ன்னு டயல் பண்ணிட்டா முடிஞ்சது கதை, அதனால ஜாப் கார்டுல செல்சியஸ்ல எழுதிக் குடுங்க, எச்1150க்கு 621, 4 மணி நேரம். சொல்யூஷன் அனீல் கண்டிஷன்லயே, அதாவது ஏஜ் பண்ணாம, நேரா மாட்டவும் கூடாது, 35 ராக்வெல் சி பக்கம் இருக்கும், ஹார்டாத்தானே இருக்குன்னு தோணும், ஆனா விரிசலுக்கு ரொம்ப சுலபமா இடம் குடுக்கும். எச்1150 பண்ணும்போது 0.1 சதவீதம் பக்கம் சுருங்கும், 50 மில்லிமீட்டர் விட்டத்துல 0.05 மில்லிமீட்டர், பேரிங் உட்கார்ற இடத்துக்கு அலவன்ஸ் விட்டு ஏஜ் பண்ணின பிறகு கிரைண்ட் பண்ணுங்க.

எந்த ஸ்டீல் போட்டாலும் கீவே மூலையை கூரா விடாதீங்க, ரேடியஸ் குடுங்க. உப்புத்தண்ணியில ஃபெட்டீக்குக்கு பாதுகாப்பான எல்லைன்னு ஒண்ணு கிடையாது, காத்துல டெஸ்ட் பண்ணின என்டியூரன்ஸ் லிமிட்டை நம்பி கணக்கு போட்டா ஷாஃப்ட் சீக்கிரமே போயிரும். பார் வாங்கும்போது டெஸ்ட் சர்டிஃபிகேட்ல ஹீட் நம்பர் (எந்த உருக்குல வந்ததுன்னு காட்டற எண்), சல்ஃபர், 2507ஆ இருந்தா நைட்ரஜன், இம்பேக்ட் வேல்யூ இதெல்லாம் இருக்கான்னு பாருங்க, பார் மேல அடிச்சிருக்கற ஹீட் நம்பரும் பேப்பர்ல இருக்கறதும் ஒண்ணான்னு கண்ணால சரிபார்த்துட்டு அப்புறம் வெட்டுங்க. ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி தண்ணியோட குளோரைடு அளவு, நிக்கும்போது தண்ணி தேங்குதா, அனோடு இருக்கா, இந்த மூணும் எழுதி அனுப்பினீங்கன்னா 2507ஆ எக்ஸ்எம்-19ஆன்னு விட்டத்தோட சேர்த்து கணக்கு போட்டு சொல்றேன்.