நாகர்கோவிலில் தொழில் தொடங்கினால் திருவனந்தபுரம் மார்க்கெட்டும் சேர்ந்து கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் சென்னையில் வேலை பார்ப்பவர், சொந்த ஊர் குமரி மாவட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். மேப்பைத் திறந்து பார்த்திருப்பீர்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஒரு கடை, ரெண்டு மாநிலம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கும். எனக்கும் ஓடியது. அந்தக் கணக்கை நம்பி ஒரு ராத்திரி முழுக்க ரோட்டோரம் சிப்ஸ் மூட்டைக்குக் காவல் இருந்தவன் நான்.

அம்பத்தூரில் எட்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு 2018 தொடக்கத்தில் ஊர் திரும்பினேன். ஒக்கி புயல் அடித்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. பார்த்த பக்கமெல்லாம் வாழை சாய்ந்து கிடந்தது. "இந்த நேரத்துலயா மக்கா ஏத்தங்கா சிப்ஸ் போடப்போற?" என்று மாமா கேட்டார். ஏத்தங்கா என்றால் நேந்திரங்காய். நியாயமான கேள்விதான். முதல் ஆறு மாசம் களக்காட்டுக் காயை வைத்தே ஓட்டினேன். வடசேரிப் பக்கம் சின்னக் கடை, பின்னால் அடுப்பும் ஒரு பெரிய வார்ப்பும். மஞ்சள் தண்ணியில் ஊறிய காயை எண்ணெய்க்கு மேலேயே நேராகச் சீவி விழவைக்க வேண்டும். முக்கால் பதத்தில் உப்புத்தண்ணி தெளித்தால் எண்ணெய் சீறும், சீறல் அடங்கியதும் கோரிவிட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளவே கையில் நாலைந்து கொப்புளம். உள்ளூர் வியாபாரத்தில் எனக்குக் குறை இல்லை. இங்கே கல்யாணப் பந்தியில் இலை ஓரத்தில் சிப்ஸ் இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார் முகம் கோணும். காசு வந்து சேர்வதுதான் தாமதம், தெரிந்தவர்கள் எல்லாம் கடன்காரர்கள்.

2019-ல் நாகர்கோவில் மாநகராட்சி ஆனது. அதே வருஷம் நானும் கொஞ்சம் பெரிய ஆளாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்து நெய்யாற்றின்கரையில் ஒரு பேக்கரியிலிருந்து ஓணத்துக்கு ஆர்டர். வட்டச் சிப்ஸ், நாலாகக் கீறிய உப்பேரி, சர்க்கரவரட்டி எல்லாம் சேர்த்து 160 கிலோ. கிலோ 280 ரூபாய், மொத்தம் 44,800. மதிப்பு 50,000-ஐத் தாண்டினால்தான் இ-வே பில், அதாவது சரக்கு வண்டியோடு போகவேண்டிய ஆன்லைன் சீட்டு; நமக்கு அது வேண்டாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அரைகுறையாகத் தெரிந்ததுதான் வம்பு.

ஓணத்துக்கு மூணு நாள் முன்னால் குட்டியானையில் ஏற்றி எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டினோம். ஜிஎஸ்டி வந்தபிறகு பழைய வரி செக்போஸ்ட் கிடையாது, ரோடு ஒரே ரோடாகப் போகிறது. கொஞ்ச தூரத்தில் ஒரு ஜீப் கைகாட்டியது. அதிகாரி பில்லை வாங்கினார், அதன் தலைப்பைப் பார்த்தார், திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் இருந்தது காம்போசிஷன் திட்டத்தில், அதாவது சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு பங்கை மட்டும் வரியாகக் கட்டும் ஜிஎஸ்டி திட்டம். அதில் இருப்பவன் தன் பில்லின் தலையிலேயே 'நான் காம்போசிஷன் வரிதாரர், வரி வசூலிக்க உரிமை இல்லை' என்று அச்சடிக்க வேண்டும் என்பது விதி. நான் ஒழுங்காக அச்சடித்திருந்தேன். அதே திட்டத்தில் இருப்பவன் வேறு மாநிலத்துக்கு ஒரு கிலோகூட விற்கக்கூடாது என்பதும் விதி. அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. மூணு மாசத்துக்கொருமுறை ஒரு சதவீதம் கட்டினால் போதும் என்று மட்டும் ஆடிட்டர் சொல்லியிருந்தார்.

வரி, அதே அளவு அபராதம், ஆகப் பத்தாயிரத்துச் சொச்சம். பணம் கட்டி, காகிதம் வாங்கி, வண்டியை எடுக்க ரெண்டு நாள். முதல் ராத்திரி தார்ப்பாய்க்குக் கீழே மழை புகுந்துவிடக்கூடாதே என்று நானும் டிரைவரும் மாறி மாறி முழித்திருந்தோம். பேக்கரிக்காரர் அதற்குள் வேறு இடத்தில் சரக்கெடுத்துவிட்டார். "ஓணம் கழிஞ்ஞா பின்னே ஆரு வாங்கும் அண்ணா?" என்றார். அவர்மேல் தப்பில்லை. திருப்பிக் கொண்டுவந்து சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம் என்று பாதி விலைக்குத் தள்ளினேன்.

'சட்டம் தெரியாமல் வியாபாரம் செய்தது உன் குற்றம்' என்று யாராவது சொல்ல வருவீர்கள். என் குற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி எங்களைத் தாண்டிப் போன டாரஸ் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் மலைக்கல்லையும் எம்-சாண்டையும் சுமந்துகொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கேரளத்துக்குள் போயின. ஒன்றைக்கூட நிறுத்தக் காணோம். அவர்கள் காகிதம் சரியாக இருந்திருக்கலாம், அது எனக்குத் தெரியாது. மார்த்தாண்டம் ரோட்டில் பைக்கில் போகிறவனுக்கு அந்த லாரி முதுகில் உரசிக்கொண்டு போகும்போது உள்ள பயத்தைச் சென்னையில் இருந்துகொண்டு புரிந்துகொள்ள முடியாது. சரி, அதை விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பொருள் விற்பவர்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள். அது மாநிலத்துக்குள் விற்பவர்களுக்கு. வரி உள்ள சரக்கை எல்லை தாண்டி விற்பதாக இருந்தால் முதல் பில்லுக்கே பதிவு வேண்டும், அதுவும் காம்போசிஷன் இல்லாத ரெகுலர் பதிவு. மாசாமாசம் கணக்கு, ஆடிட்டர் சம்பளம் எல்லாம் கூடும். நான் அடுத்த மாசமே ரெகுலருக்கு மாறிவிட்டேன். 2025-ல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது, எண்ணெய்க்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடிந்தது கொஞ்சம் ஆறுதல். பழைய திட்டத்தில் அதுவும் கிடைத்திருக்காது.

அந்தப் பேக்கரிக்காரர் இப்போதும் என்னிடம் வாங்குகிறார். வண்டி கிளம்பியதும் போன் வரும். "பில்லு செரியல்லே அண்ணா?" மலையாளத்தில் அதற்கு 'சரிதானே' என்று அர்த்தம். என் மனைவி திருநெல்வேலிக்காரி. முதல் தடவை அந்த போனை எடுத்தவள், "ஏங்க, பில்லு சரியில்லையாம்" என்று அலறிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவந்தாள்.