பேரன் பனியை அள்ளித் தின்கிறானே, டாக்டர்!

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் மகள் டொரன்டோவில் இருக்கிறாள். போன வாரம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, ஐந்து வயதுப் பேரன் வாசலில் கிடந்த பனியைக் கையுறையோடு அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். எனக்குப் பகீரென்றது. மகளோ, "இங்கே எல்லாப் பிள்ளைகளும் தின்னும் அம்மா" என்று சிரிக்கிறாள். மார்கழிப் பனி தலையில் பட்டாலே ஆகாது என்பார்களே, பனியையே தின்றால் பிள்ளைக்கு என்ன ஆகும்?
– ஒரு பாட்டி, திருவிடைமருதூர்

பதில்: உங்கள் பதற்றத்தில் பாதிக்குத் தமிழ்தான் பொறுப்பு, அம்மா. நம் வரப்பில் புல் நுனியில் உட்கார்ந்திருப்பதும் பனி, அங்கே முழங்கால் உயரம் விழுந்து கிடப்பதும் பனி. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று கேட்டு வளர்ந்தவருக்குப் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் அங்கே விழுவது மேகத்திலேயே உறைந்த நீர். நம் ஆலங்கட்டிக்குச் சொந்தம். பாபநாசத்தில் கோடை மழையன்று பாட்டிக்குத் தெரியாமல் முற்றத்தில் ஆலங்கட்டி பொறுக்கித் தின்றவன்தான் உங்களுக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன்.

சளியைக் கொண்டுவருவது வைரஸ், பனி அல்ல. குளிருக்குப் பயந்து எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் இருமுவதால்தான் அங்கே குளிர்காலத்தில் அது பரவுகிறது.

ஒரு வாய், இரண்டு வாய் வெள்ளைப் பனியால் பேரனுக்கு ஒன்றும் ஆகாது. அதை எங்கிருந்து அள்ளுகிறான் என்பதுதான் விஷயம். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் சிகாகோவில் மகன் வீட்டில் இருந்தேன். வேலையில்லாத மனிதன். ஓர் எவர்சில்வர் டம்ளர் நிறையத் தெருவோரப் பனியை அள்ளி வந்து சமையலறை மேடையில் வைத்தேன். உருகியபின் அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர்கூடத் தேறவில்லை. புதுப்பனியில் பத்தில் ஒரு பங்குதான் நீர், மீதி காற்று. அந்தக் கொஞ்சத் தண்ணீரிலும் கரித்தூள், மணல், ஒரு கம்பளி இழை! மருமகள் டம்ளரை இரண்டு முறை தேய்த்துக் கழுவினாள்.

இறங்கும்போதே பனி காற்றிலுள்ள தூசையும் புகையையும் ஒட்டி எடுத்துக்கொள்கிறது. அதனால் பெய்யத் தொடங்கியதும் விழுவதை விட்டுவிட்டு, சற்று நேரம் கழித்து விழுவதை எடுத்தால் சுத்தமாக இருக்கும். சாலையோரம் இயந்திரம் ஒதுக்கிய குவியலைத் தொடவே கூடாது. பனி உருகத் தூவிய உப்பும் வண்டி எண்ணெயும் அதில் கிடக்கும். மஞ்சளாக இருந்தால் நாய் வந்துபோன இடம் என்று பேரனுக்கே தெரிந்திருக்கும். கொல்லைப்புறத்தில் ஒரு கிண்ணத்தை வைத்து அதில் விழுவதைத் தின்னச் சொல்லுங்கள். தாகத்துக்கு மட்டும் பனி வேண்டாம். அதை உருக்க உடம்புச் சூடுதான் செலவாகும். கடுங்குளிரில் இரும்புக் கம்பியை நக்கவும் விடாதீர்கள், நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் இழுக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்ற வேண்டும்.

எனக்கென்னவோ, பேரன் ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வரும்போதுதான் கவலை. காவேரிப் படித்துறையில் ஐஸ் துருவிச் சிவப்புச் சாயம் ஊற்றிக் கொடுக்கும் வண்டி நிற்குமே, அதைச் சொல்கிறேன். உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். டைஃபாய்டு கிருமியும் மஞ்சள் காமாலை வைரஸும் ஐஸில் சுகமாகத் தூங்கி, வயிற்றுக்குள் போனதும் விழித்துக்கொள்ளும். மீனுக்குப் போடும் ஐஸில் நீலச் சாயம் கலக்க வேண்டும் என்று 2018 முதல் அரசு விதி இருக்கிறது. அது வெள்ளையாகவே இந்த வண்டிக்கு வந்துவிட்டால் நீங்களும் நானும் எப்படிக் கண்டுபிடிப்பது? கொதித்து ஆறிய தண்ணீரை வீட்டு ஃபிரிட்ஜில் உறையவைத்து, நன்னாரி சர்பத்தில் போட்டுக் கொடுங்கள். சித்திரான்னத்துக்கு அதுவும் பொருத்தமாக இருக்கும்.