மூன்று பேருக்கும் ஒரே சாலை: பொள்ளாச்சி, ஆழியாறு, அப்புறம் மலை

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எனக்கு 46 வயது. சில மாதங்களாக சைக்கிள் ஓட்டுகிறேன், சமதரையில் 40, 50 கி.மீ. தாங்கும். மனைவி இப்போதுதான் கியர் சைக்கிள் பழகுகிறார். கல்லூரியில் படிக்கும் மகனுக்கு 100 கி.மீ. சாதாரணம். மூவரும் ஒரே நாளில் சேர்ந்து போகிற மாதிரி, பார்க்க அழகான சாலை ஏதாவது சொல்லுங்களேன்."

மூன்று பேருக்கு மூன்று சாலை தேடாதீர்கள். ஒரே சாலையில் மூன்று இடங்களில் திரும்புங்கள். குடும்பமாகப் போகும்போது ஒருவர் வேகத்துக்கு இன்னொருவரை இழுப்பதுதான் பெரிய தொல்லை. யார் எங்கே திரும்புவது என்று முதல் நாளே பேசிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இதற்கென்றே அமைந்த மாதிரி உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு சாலை இருக்கிறது, பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறை போவது.

கோவையிலிருந்து பொள்ளாச்சி வரை நான்குவழிச் சாலையில் சைக்கிள் மிதிப்பதில் ஒரு சுகமும் இல்லை, லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும். சைக்கிள்களைக் காரில் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் பொள்ளாச்சி போய்விடுங்கள். அங்கிருந்து ஆழியாறு அணை சுமார் 24 கி.மீ. ஏற்றம் இருப்பதே பெரிதாகத் தெரியாது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுவில் அங்கங்கே பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் வாய்க்கால், எதிரே ஆனைமலைத் தொடர் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வரும். காலை வெயிலில் தென்னை நிழல் சாலையில் பட்டை பட்டையாக விழுந்திருக்கும். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் அந்த நிழலுக்குள் இருக்கிற குழி கண்ணில் படாது, அதனால் அங்கே வேகத்தைக் குறையுங்கள். உங்கள் மனைவிக்கு முழு 24 கி.மீ. வேண்டாம் என்றால் காரை அங்கலக்குறிச்சியில் நிறுத்தி அவர் அங்கிருந்து தொடங்கட்டும். அணை வரை குறைந்த தூரம்தான், திரும்பி வரவும் தெம்பு மிச்சம் இருக்கும். புதிதாக ஓட்டுபவருக்கு முதல் பயணம் "இன்னும் கொஞ்சம் போயிருக்கலாமே" என்கிற மாதிரி முடிய வேண்டும். அப்போதுதான் அடுத்த வாரமும் அவரே கிளம்புவார்.

ஆழியாறு தாண்டினால் வனத்துறை செக்போஸ்ட். மலை ஏற்றம் அதற்கு மேல்தான். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறக்குறைய 40 கி.மீ., கொண்டை ஊசி வளைவுகளும் 40. நீங்கள் 9ஆவது வளைவு வரை போய்த் திரும்புங்கள் என்பேன். லோம்ஸ் வியூ பாயின்ட் என்கிற அந்த இடத்தில் நின்றால் அணையின் நீர்ப்பரப்பு முழுதும் கீழே விரிந்து கிடக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் சாலை ஓரப் பாறையில் வரையாடும் நிற்கும். பக்கத்தில் போகாதீர்கள், எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். கீழே குரங்கு அருவிப் பக்கம் குரங்குகள் ஹேண்டில் பையையே திறக்கும், வாழைப்பழத்தை வெளியே தெரிகிற மாதிரி வைக்க வேண்டாம்.

மகன் மேலே போகட்டும். முதல் முறை என்றால் வால்பாறை போகும் வழியில் இருக்கும் அட்டகட்டி வரை போய்த் திரும்புவதே நல்ல உழைப்பு, வால்பாறை வரை போக ஆசைப்பட்டால் அங்கே இரவு தங்குகிற மாதிரி திட்டமிடுங்கள். அதே நாளில் இறங்க நினைத்தால், களைத்த கையும் காலுமாகச் சாயங்கால மூடுபனியில் 40 வளைவுகளையும் இறங்க வேண்டிவரும். அது வேண்டவே வேண்டாம். இது புலிகள் காப்பகம், யானை நடமாட்டம் உள்ள காடு. விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டும், மாலை 4 மணிக்கெல்லாம் கீழே வந்துவிட வேண்டும். அன்று யானை எங்கே நிற்கிறது என்று செக்போஸ்ட்டில் கேட்டுக்கொண்டு போங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

தூரத்தை மட்டும் பார்த்துப் பாதையை முடிவு செய்யாதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறோம், அதை எத்தனை கி.மீ.யில் ஏறுகிறோம், இந்த இரண்டும்தான் கணக்கு. உதாரணத்துக்கு, மேட்டுப்பாளையம்-கோத்தகிரி சாலை: மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோத்தகிரி 1,790 மீட்டர் அளவில், நடுவில் 33 கி.மீ.; சராசரியாக 100 மீட்டருக்கு நாலரை மீட்டர்கூட ஏறவில்லை. நீளமான ஏற்றம், ஆனால் நிதானமானது, ஒரே சீராக மிதிக்கத் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல மலைச்சாலை நம் பக்கம் குறைவு. உங்கள் மகனின் அடுத்த இலக்கு இதுவாக இருக்கட்டும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கோடை சீசனில் வண்டிகளை ஊட்டிக்குக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவது வழக்கம், அந்த நாட்களில் எதிரே கார் வரிசை விடாமல் வரும். பின்னால் வரும் உங்கள் காருக்கு இ-பாஸும் எடுக்க வேண்டும்.

கியர் பற்றி. பெடலோடு சுழலும் முன்பக்கப் பல்சக்கரத்தில் 34 பல், பின்பக்கம் இருக்கிற பெரிய பல்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் இருந்தால் மலைக்குப் போதும். 34-க்கு 34 போட்டு நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கி.மீ. அளவில் மூச்சு வாங்காமல் ஏறலாம். பின்பக்கம் 25 பல்லோடு நின்றுபோகும் ரேஸ் சைக்கிளில் அதே ஏற்றத்தில் முழங்கால் கெஞ்சும். உங்களுக்கு மலை ஒத்துவருமா என்று பார்க்க மருதமலை கோயில் சாலை இருக்கிறதே: காலை ஊன்றாமல் மேலே போய், இறங்கி, உடனே இன்னொரு முறை ஏற முடிந்தால் 9ஆவது வளைவு உங்களுக்குச் சிரமமில்லை.

இறக்கத்தில்தான் எனக்குப் பயம். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் லேசாக விட்டுவிடுங்கள், கை வலித்தால் நின்று இளைப்பாறுங்கள். கொண்டை ஊசியில் ஏறி வரும் பஸ்ஸுக்கு முழு அகலமும் தேவைப்படும், சத்தம் கேட்டதும் ஓரமாக நின்றுவிடுவதே சரி. பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும்.

போக நல்ல மாதங்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வால்பாறையில் மழை கொட்டும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் ஆளைத் தள்ளும். காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டார்கள்? அந்த மாதங்களில் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் மழை விட்ட ஒரு நாளில் மேற்கே போங்கள்: பொள்ளாச்சியிலிருந்து கேரள எல்லை தாண்டி, மாந்தோப்புகள் நிறைந்த முதலமடை வழியாகக் கொல்லங்கோடு, ஒரு பக்கம் சுமார் 35 கி.மீ. பச்சை வயல், அதன் பின்னால் நெல்லியாம்பதி மலைச் சுவர். பெரிய ஏற்றம் கிடையாது. போகும்போது எதிர்க்காற்று வாட்டும், ஆனால் களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். கிழக்கே உடுமலைப் பக்கம் போனால் இது தலைகீழ், போகும்போது பறப்பீர்கள், திரும்பும்போது அழுவீர்கள்.

பஞ்சர் கிட், கூடுதல் டியூப், ஆளுக்கு இரண்டு தண்ணீர் பாட்டில். செக்போஸ்ட்டுக்கு மேலே நீண்ட தூரம் கடை கிடையாது. திரும்பும் வழியில் மனைவி ஆழியாறு அணைப் பக்கம் காத்திருக்கட்டும், மீன் வறுவல் கடைகளும் இளநீரும் இருக்கின்றன, மூவரும் அங்கே சேர்ந்து கிளம்புவதாக நேரம் பேசிவையுங்கள். மலையில் போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும் என்பதால், மகன் சொன்ன நேரத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் ஆனால் காரை எடுத்துக்கொண்டு நீங்கள் மேலே போவதாக முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.