கிரேக்கக் கணிதமும் தத்துவமும்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: பிளேட்டோவின் அகாடமி வாசலில் 'வடிவியல் தெரியாதவர் உள்ளே வராதே' என்று எழுதியிருந்ததாமே?

பதில்: இருந்ததாகச் சொல்பவர்கள் எல்லாரும் பிளேட்டோவுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர்கள், அதனால் நம்ப வேண்டாம். ஆனால் ஆள் அப்படித்தான். 'குடியரசு' ஏழாம் பகுதியில், ஆளப்போகிறவர்கள் 20 வயதிலிருந்து 30 வரை கணிதம் படித்துவிட்டுத்தான் தத்துவ விவாதத்துக்கே வரவேண்டும் என்கிறார்.

கேள்வி: தத்துவம் பேச கணக்கு எதற்கு?

பதில்: பிளேட்டோ எழுதிய 'மெனோ' உரையாடலைப் பாருங்கள். வடிவியலே படிக்காத ஓர் அடிமைச் சிறுவனிடம் சாக்ரடீஸ் 2 அடிப் பக்கமுள்ள சதுரத்தை வரைந்து காட்டுகிறார், பரப்பு 4. இதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 8 வர, பக்கம் எவ்வளவு? பையன் சட்டென்று 4 என்கிறான். வரைந்தால் 16 வருகிறது. சரி, 3? அதுவும் 9 ஆகிவிடுகிறது. எண்ணாகச் சொல்ல வராவிட்டால் எந்தக் கோடு என்று காட்டு என்கிறார் சாக்ரடீஸ், பையன் தெரியவில்லை என்று நின்றுவிடுகிறான். அப்புறம் அவரே மூலைவிட்டங்களை வரைய, அதன் மேல் நிற்கும் சதுரம்தான் 8 என்று பையனே எண்ணிப் பார்த்துச் சொல்கிறான். ஆன்மா முன்பே அறிந்ததை நினைவுகூர்கிறது என்பது பிளேட்டோ எடுக்கும் முடிவு. எனக்கு அது ஒப்பவில்லை, சாக்ரடீஸின் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. ஆனால் பெரியவர் சொன்னார் என்பதற்காக இல்லாமல், தானே பார்த்து ஒப்புக்கொள்ளும்படி ஒரு விஷயத்தை நிறுவ முடிகிறதே, அறம் பற்றிய பேச்சிலும் அந்த உறுதி வேண்டும் என்றுதான் தத்துவக்காரர்கள் ஏங்கினார்கள்.

கேள்வி: அந்த மூலைவிட்டத்துக்கும் பக்கத்துக்கும் உள்ள விகிதத்தை முழு எண்களால் சொல்லவே முடியாது என்ற ரகசியத்தை வெளியிட்டதற்காக, பைதகரஸ் வழிவந்த ஹிப்பாசஸைக் கடலில் தள்ளிவிட்டார்களா?

பதில்: பிற்காலக் கதை. வேறொரு வடிவத்தில் அவர் மூழ்கியது பன்னிருமுகத் திண்மத்தைப் பற்றி வெளியே சொன்னதற்காக!

கேள்வி: பாபிலோனியர்களுக்கு இதெல்லாம் முன்பே தெரியுமே?

பதில்: தெரியும். யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் களிமண் பலகையில் 2-இன் வர்க்கமூலம் தசமப் புள்ளிக்குப் பின் 5 இலக்கம் வரை சரியாக இருக்கிறது. கிரேக்கர்கள் கேட்டது வேறு: பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் மிச்சமில்லாமல் அளக்கும் பொது அளவு உண்டா? உண்டென்று வைத்துக்கொண்டால் ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் ஒன்றாகிவிடும், ஆகவே கிடையாது என்ற நிரூபணத்தை அரிஸ்டாட்டிலே குறிப்பிடுகிறார்.

கேள்வி: அப்படியானால் வடிவியலைத் தொகுத்து நூலாக எழுதிய யூக்ளிட் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றினாரா?

பதில்: எல்லாவற்றையும் நிரூபிக்கப் போனால் முடிவே இருக்காது, நிரூபிக்காத தொடக்கங்கள் சில வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில், கி.மு. 300 வாக்கில் யூக்ளிடின் நூலும் வரையறைகளோடும் எடுகோள்களோடும்தான் தொடங்குகிறது. ஆனால் அரிஸ்டாட்டில் திரும்பத் திரும்பக் காட்டும் உதாரணமே முக்கோணத்தின் கோணங்கள் இரண்டு செங்கோணம் என்பதுதான். வடிவியலாளர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவர் விதி எழுதினார் என்பது என் கட்சி.