பாதியில் நின்ற பட்டம்

அன்புள்ள ஐயா,

நான் ஆம்பூரில் ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனத்தில் கட்டிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது முப்பது. வேலூரில் பி.காம். சேர்ந்து மூன்று ஆண்டும் கல்லூரிக்குப் போனேன். கடைசி ஆண்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் வேலைக்கு வந்துவிட்டேன். மூன்று தாள் அரியர் அப்படியே நிற்கிறது. இப்போது எங்கள் அலுவலகத்தில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் ஓர் இடம் வருகிறது. பட்டம் இருந்தால்தான் தருவோம் என்கிறார்கள். குரூப் 2 எழுதும் ஆசையும் உண்டு.

பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு கல்வி ஆலோசனை மையத்தில் விசாரித்தேன். ஆன்லைனில் ஒரே வருடத்தில் பட்டம், மொத்தம் 48,000 ரூபாய், முன்பணம் 5,000 என்கிறார்கள். அவர்கள் கொடுத்த நோட்டீஸை இணைத்திருக்கிறேன். என் மனைவி பிளஸ் டூ முடித்தவர். இருவரும் சேர்ந்தால் சலுகை உண்டாம். அவரையும் பி.காம். சேர்த்துவிடலாம் என்று இருக்கிறேன். சீக்கிரம் முடிய வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது. எந்த ஆன்லைன் கல்லூரி நல்லது என்று சொல்லுங்கள்.

எஸ்., ஆம்பூர்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் அனுப்பிய நோட்டீஸைப் பெரிதாக்கிப் படித்தேன். மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து. 'யுஜிசி அங்கீகாரம்', அதாவது பல்கலைக்கழகங்களை ஒழுங்குபடுத்தும் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் என்பது நான்கு இடங்களில் இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது ஓரிடத்திலும் இல்லை. 'ஒரே சிட்டிங்கில் டிகிரி' என்று ஒரு வரி. 'பழைய வருடத்திலும் சேர்க்கை உண்டு' என்று இன்னொரு வரி. அடியில் பணம் அனுப்ப ஒரு கைப்பேசி எண். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகியிருப்பது மையத்தின் பெயர்கூட அல்ல, யாரோ ஒரு தனி ஆளின் பெயர்.

பழைய வருடத்தில் சேர்க்கை என்றால் என்ன தெரியுமா? நீங்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சேர்ந்து, படித்து, தேர்வு எழுதியதாக இன்று தாள் தயாரித்துக் கொடுப்பது. இதற்குச் சட்டத்தில் போலி ஆவணம் என்று பெயர். ஏற்றுமதி நிறுவனத்தில் யாரும் சரிபார்க்காமல் போகலாம். அரசு வேலையில் சான்றிதழ் சரிபார்ப்பு உண்டு. சேர்ந்து பல ஆண்டுகள் கழித்தும் பிடிபட்டு, வேலையும் போய் வழக்கும் வாங்கியவர்கள் உண்டு. குரூப் 2 ஆசை உள்ளவர் அந்தப் படியை மிதிக்கவே கூடாது.

வேகத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுப் பட்டத்தை ஒரே ஆண்டில் தர இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் உரிமை இல்லை. நேரில் படித்தாலும் தொலைநிலையில் படித்தாலும் ஆன்லைனில் படித்தாலும் பட்டத்தின் காலம் ஒன்றுதான். 2024-இல் யுஜிசி, விரைவாகப் படிக்க வல்ல மாணவர்களுக்கு ஒரு வழியைத் திறந்தது. அதை ஏற்று நடத்தும் கல்வி நிறுவனத்தில்கூட மூன்றாண்டுப் பட்டம் ஆறு செமஸ்டருக்குப் பதில் ஐந்தில் முடியும். மிச்சமாவது ஆறு மாதம். அதே 2024-இல் 'பத்து நாள் எம்.பி.ஏ.' என்று விற்றவர்களைப் பற்றி யுஜிசி எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. உங்கள் பஸ் நிலையத்து ஆட்கள் ஒரு வருடமாவது கேட்கிறார்களே, அந்த மட்டில் நாணயமானவர்கள்.

இனி உங்கள் விஷயம். எந்த ஆன்லைன் கல்லூரி என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு எந்த ஆன்லைன் கல்லூரியும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். ஆறு செமஸ்டர் படித்து முடித்து மூன்று தாள் மட்டும் பாக்கி வைத்திருப்பவர், முதல் செமஸ்டரிலிருந்து புதிதாகத் தொடங்க வழி தேடுவது கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுதான். உங்களுக்கு மிகச் சீக்கிரமாகவும் மிக மலிவாகவும் கிடைக்கக்கூடிய பட்டம், நீங்கள் முக்கால்வாசிக்கு மேல் கட்டி முடித்துவிட்ட அந்தப் பழைய பி.காம்.தான்.

நீங்கள் படித்த காலத்தைப் பார்த்தால் உங்கள் கல்லூரி திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்திருக்கும். அந்தப் பல்கலைக்கழகம் 2002-இல் வந்தது. அதற்கு முன் வட ஆற்காட்டுக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தவை. (உங்கள் வீட்டிலோ தெருவிலோ அந்தக் காலத்து அரியர்காரர்கள் இருந்தால் அவர்கள் விசாரிக்க வேண்டிய இடம் சேப்பாக்கம்.) முதலில் வேலூர்க் கோட்டைக்குள் இயங்கிய பல்கலைக்கழகம் இப்போது காட்பாடி வட்டத்தில் சேர்க்காட்டில் இருக்கிறது. ஒரு வேலை நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆம்பூரில் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்குங்கள். அங்கிருந்து பஸ்ஸில் போய்விடலாம். போவதற்கு முன் உங்கள் கல்லூரி அலுவலகத்தில் பதிவு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எல்லா மதிப்பெண் பட்டியல்களின் நகலும் கையில் இருக்கட்டும்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பிரிவில் நீங்கள் கேட்க வேண்டியவை இவை. என் சேர்க்கை ஆண்டுக்கு அரியர் எழுதும் கால வரம்பு முடிந்துவிட்டதா? முடிந்திருந்தால் சிறப்பு வாய்ப்புத் தேர்வு இப்போது இருக்கிறதா, அல்லது அடுத்து எப்போது? பாடத்திட்டம் மாறிவிட்டதால் பழைய தாளுக்கு ஈடாக எந்தத் தாளை எழுத வேண்டும்? கால வரம்பு கடந்தவர்களுக்கு நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது இப்படிச் சிறப்பு வாய்ப்பு தருவது வழக்கம். அறிவிப்பு வரும், சில வாரங்களில் கடைசித் தேதியும் போய்விடும். தவறவிட்டவர்கள் பல பேர். காரணம், அவர்கள் பழைய கல்லூரியின் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வெட்கம். கூடப் படித்தவன் இன்று அங்கே விரிவுரையாளராக இருப்பான், அவன் முன்னால் அரியர் விண்ணப்பத்தோடு நிற்பதா என்று. அந்த வெட்கத்துக்குத்தான் ஆலோசனை மையம் 48,000 ரூபாய் விலை போட்டிருக்கிறது.

அந்தக் கதவு உண்மையிலேயே மூடிவிட்டதென்று எழுத்தில் சொன்னால் மட்டும் அடுத்ததை யோசியுங்கள். இக்னோ எனும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், வேறு பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்டவர்கள் தேறிய தாள்களை மாற்றிக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. பாடத்திட்டம் பொருந்தும் தாள்களுக்குத்தான். மாணவர் தேறிய தாள்களின் மதிப்பை இணையத்தில் கணக்காகச் சேர்த்து வைக்கும் கிரெடிட் வங்கி என்று இப்போது பேசப்படுகிறதே, அது 2021-இல் வந்தது. அதற்கு முன் நீங்கள் தேறிய தாள்கள் அதில் தாமாக ஏறி உட்கார்ந்திருக்காது. ஆகவே 'உங்கள் பழைய மார்க்கை அப்படியே மாற்றித் தருகிறோம்' என்று யாராவது வாயால் சொன்னால், பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் மனைவியின் கதை வேறு. அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியவர். தொலைநிலையும் ஆன்லைனும் அவருக்குத்தான் பொருந்தும்.

இரண்டும் ஒன்றல்ல. தொலைநிலை என்றால் அச்சுப் புத்தகம் வரும், சில நேர்முக வகுப்புகள் நடக்கும், தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். ஆன்லைன் என்றால் பாடமும் வகுப்பும் இணையத்தில். தேர்வும் கண்காணிப்போடுதான் நடக்கும். 2020-இல் வந்த யுஜிசி விதிகளின்படி, அனுமதி பெற்ற நிறுவனம் தரும் இந்த இரண்டு வகைப் பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம். வேலைக்கும் மேற்படிப்புக்கும் செல்லும். நர்ஸிங், பார்மசி, சட்டம், பொறியியல் போன்றவற்றை இந்த வழியில் நடத்த அனுமதி கிடையாது. உங்கள் நோட்டீஸில் பி.பார்ம். என்றும் இருந்ததைக் கவனித்தேன். அந்த ஒரு வரி போதும், அது எந்த ரகத்துக் கடை என்று தெரிந்துகொள்ள.

அனுமதி என்பதை எப்படிப் பார்ப்பது? யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் பட்டியல் வெளியிடுகிறது. அதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நான்கும் ஒன்றாகப் பொருந்த வேண்டும்: பல்கலைக்கழகம், அதே பாடம், ஆன்லைனா தொலைநிலையா என்ற வகை, நீங்கள் சேரும் பருவம். ஜனவரி, ஜூலை எனச் சேர்க்கைப் பருவம் ஆண்டுக்கு இரண்டு. போன பருவத்துக்கு அனுமதி இருந்தது இந்தப் பருவத்துக்குச் சாட்சி ஆகாது. பெரிய பெயரை நம்பியும் பயனில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று 2022 மார்ச்சில் யுஜிசி அறிவித்தபோது, நம் மாவட்டங்களில் எத்தனை வீடுகளில் சான்றிதழை எடுத்துத் தேதி பார்த்தார்கள் என்பது நினைவிருக்கிறது.

இன்னொன்று. பல்கலைக்கழகம் தன் தொலைநிலைப் படிப்பைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடுவதை விதிகள் தடுக்கின்றன. எனவே சேர்க்கையும் பணமும் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்திலேயே நடக்கட்டும். இப்போது சேர்க்கைக்கு முன் டெப் ஐடி என்ற அடையாள எண்ணை மாணவரே எடுக்க வேண்டும். அதற்கு ஆதாரும் கிரெடிட் வங்கிக் கணக்கும் வேண்டும். அங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் வரும். பிளஸ் டூ சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், சிலருக்குத் திருமணத்துக்குப் பின் கணவர் பெயரே இனிஷியலாக ஏறியிருக்கும். உங்கள் மனைவியின் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சேர்க்கை முடியும் வாரத்தில் ஆதார் மையத்தில் வரிசையில் நிற்க வேண்டியிராது.

செலவு குறைவாக வேண்டும் என்றால் முதலில் பார்க்க வேண்டியவை அரசுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள்தான். இக்னோ 1985-இல் தொடங்கியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல், நம் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் பிறந்த அதே ஆண்டில். தமிழ் வழியில் படிக்க இரண்டாவது வசதி. தனியார் பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் பட்டங்களுக்கும் இவற்றுக்கும் கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 'மாதம் இவ்வளவுதான்' என்று தனியார் விளம்பரத்தில் வருவதில் பெரும்பாலானவை ஒரு நிதி நிறுவனத்தின் கடன். மனைவி இரண்டாவது செமஸ்டரில் படிப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. கட்டணத்தைக் கேட்கும்போது மூன்று ஆண்டுக்கும் சேர்த்து, தேர்வுக் கட்டணம், பட்டச் சான்றிதழ்க் கட்டணம் எல்லாம் உட்பட எவ்வளவு என்று கேளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண் தையல் கடை வைத்திருக்கிறார். இக்னோவில் பி.ஏ. முடித்தவர். கடையை அடைத்த பிறகு கட்டிங் மேஜையில் இருந்த துணியை ஒதுக்கிவிட்டு, ஏ4 தாளில் ஓரக்கோடு போட்டு, கையால் அசைன்மென்ட் எழுதிக்கொண்டிருப்பார். அந்தப் படிப்பில் பெரும்பாலான தாள்களுக்கு அசைன்மென்ட்டுக்கு முப்பது விழுக்காடு, தேர்வுக்கு எழுபது. தேர்வை நன்றாக எழுதிவிட்டு அசைன்மென்ட்டைக் கடைசித் தேதிக்குள் கொடுக்காமல் அந்தத் தாளிலேயே மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். மூன்றாண்டுப் படிப்பை முடிக்க ஆறு ஆண்டு வரை அவகாசம் தருகிறார்கள் என்பது பெரிய வசதி. வீட்டில் ஒருவர் அடுப்பையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்த ஆறும் போதாது. அந்தப் பெண்ணின் மாமியார் பார்த்துக்கொண்டார். உங்கள் வீட்டில் யார் என்று நீங்கள் எழுதவில்லை.

ஆன்லைன் என்றால் சுலபம் என்ற எண்ணமும் வேண்டாம். சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் பட்டத்தில் பாடம் இணையத்தில்தான். தேர்வுக்கு மையத்துக்கு நேரில் போய் உட்கார வேண்டும். வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை தருகிறார்கள், கணக்குப் பாடத்தில் சலுகை தருவதில்லை.

குரூப் 2-க்கு வருகிறேன். அறிவிப்பு வெளியாகும் தேதியில் பட்டம் கையில் இருக்க வேண்டும். ஆகவே அரியரை எழுதும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் கம்பெனியில் பிளஸ் டூ எழுதாமல் நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்கள் இருந்தால் ஒன்று சொல்லுங்கள். பத்து, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-லேயே அரசாணை போட்டாகிவிட்டது. உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் அந்தக் கவலை இல்லை.

முன்பணம் 5,000 இன்னும் கொடுக்கவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். கொடுக்காதீர்கள். இருவர் சேர்ந்தால் சலுகை என்பது ஜவுளிக் கடை ஆடித் தள்ளுபடிக்குச் சரி.

கடைசியாக ஒரு கேள்வி. மனைவியை பி.காம். சேர்த்துவிடலாம் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பிளஸ் டூவில் அவர் எந்தப் பிரிவு படித்தார் என்று கடிதத்தில் இல்லை. கணக்குப் பதிவியலா, அறிவியலா, வரலாறா? பி.காம். வேண்டும் என்று சொன்னது அவரா, நீங்களா? அவரிடம் கேட்டுவிட்டு அடுத்த கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள்.