பில் இரண்டு மாதத்துக்கு, தவணை மாதாமாதம்

கேள்வி: "கையிலிருந்து ஒரு ரூபாய் வேண்டாம், ஈபிக்குக் கட்டுவதைத் தவணையாகக் கட்டினால் போதும்" என்று மாடியில் சோலார் போடச் சொல்கிறார்கள். நம்பலாமா?

பாளையங்கோட்டையில் என் அப்பாவிடமும் இதையேதான் சொன்னார்கள். நான் சென்னையில் இருந்தேன். எனக்குத் தெரியவந்தபோது அவர் கடனுக்கு ஓடிபி சொல்லி முடித்திருந்தார்.

"ஐயா, உங்க பில் 3,350. தவணை 3,493. நூத்தம்பது ரூவா கூட, அவ்வளவுதான்." விற்க வந்தவர் இப்படிச் சொல்ல, அப்பா தலையாட்டிவிட்டார். ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது, தவணையோ மாதாமாதம். 3,350 கட்டிய இடத்தில் இப்போது 6,986 போகிறது, ஒப்பந்தப்படி ஏழு வருஷத்துக்கு. கடன் 1,80,000. 9 சதவீதம் என்றது ஃபிளாட் வட்டி, அதாவது அசல் குறைந்தாலும் வட்டி குறையாது. வட்டி மட்டுமே 1,13,400. மீதி அசலுக்கு மட்டும் வட்டி போடும் வங்கிக் கணக்கில் இது சுமார் 15 சதவீதம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் பொதுத்துறை வங்கிகள் 3 கிலோவாட் வரை, அடமானம் கேட்காமல், இதில் பாதிக்கும் குறைவான வட்டிக்கே கடன் தருகின்றன. அதை அவர்கள் வாயே திறக்கவில்லை.

எனக்கு இன்னும் ஆறாதது 3 கிலோவாட்டைத் தலையில் கட்டியதுதான். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 650 யூனிட் ஓடும். 1 கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டிருந்தாலே இரண்டு மாதத்தில் 480 யூனிட் குறைந்திருக்கும். முதலில் கழிவது விலை கூடிய மேல்படி யூனிட்டுகள். மிஞ்சும் 170இல் 100 இலவசம், பில் சில நூறு ரூபாய்தான். அந்தச் சில நூறைக் குறைக்கத்தான் மூன்றாவது கிலோவாட். அந்தத் திட்டத்தின் மானியமும் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000தான். அந்த 78,000ஐ விலையில் கழித்துச் சொன்னார்கள், கடனை முழுத் தொகைக்கு எழுதினார்கள். மானியம் பிறகு அப்பா கணக்குக்கே வந்தது, அதைக் கடனில் கட்டினோம்.

"கரண்ட் போனாலும் ஃபேன் ஓடும்" என்றதும் பொய். பேட்டரி இல்லாத இணைப்பில், கம்பியில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமலிருக்க, லைன் போனதும் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும்.

பேனல்மேல் குறையில்லை, நன்றாக ஓடுகிறது. உங்கள் பில்லில் யூனிட்டைப் பாருங்கள். 250 என்றால் கட்டுவதே 470 ரூபாய்தான், எந்தத் தவணையும் கட்டுப்படியாகாது. 600க்கு மேல் என்றால் 2 கிலோவாட்டுக்கு விலை கேளுங்கள். கடனுக்கு நீங்களே வங்கிக்குப் போங்கள்.