கேளுங்க சொல்றேன்: பெஞ்ச்ல உக்காந்திருந்த பையனும் 15-0 சீசனும்

கே: மகளைப் பார்க்க அமெரிக்கா வந்திருக்கேன். மாப்பிள்ளை லூசியானால படிச்சவர், 2019-ல அவரோட காலேஜ் ஆடின அமெரிக்கன் ஃபுட்பால் மேட்சை எல்லாம் டிவில திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக் கத்துறார். முடிவு தெரிஞ்ச மேட்சுக்கு எதுக்கு இவ்ளோ சத்தம்?
- ஒரு வாசகி

ப: கத்தட்டும் விடுங்கம்மா, பாவம், எத்தனை வருஷம் வாயை மூடிட்டு இருந்தாரோ! அவங்க காலேஜ் எல்எஸ்யூ, அதாவது லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி, பேட்டன் ரூஜ்ங்கிற ஊர்ல இருக்கு. பழைய எதிரி அலபாமா யூனிவர்சிட்டிகிட்ட தொடர்ந்து 8 மேட்ச் தோத்தவங்க. 2018-ல சொந்த கிரவுண்டுலயே 29-0, ஒரு பாயிண்ட் கூட எடுக்கல. அடுத்த வருஷம் நவம்பர் 9-ம் தேதி அலபாமாவோட ஊருக்கே போய் 46-41னு ஜெயிச்சுட்டு வந்தாங்க, அதோட நிக்காம 15 மேட்ச்ல 15-ம் ஜெயிச்சு, 2020 ஜனவரி 13 அன்னிக்கு ஃபைனல்ல க்ளெம்சனை 42-25னு மடக்கிட்டாங்க. அந்த க்ளெம்சன் அதுக்கு முன்னாடி 29 மேட்ச் தோல்வியே தெரியாம வந்த டீம். ஃபைனல் வேற இவங்க மாநிலத்துலயே, நியூ ஆர்லியன்ஸ்ல. மாப்பிள்ளை அன்னிக்கு எப்படி இருந்தார்னு மகளைக் கேட்டுப் பாருங்க.

கே: ஃபுட்பால்னு பேர் வெச்சுக்கிட்டு கைலயே தூக்கிட்டு ஓடுறாங்களே?
- பள்ளி மாணவன்

ப: பேருக்கு நான் பொறுப்பு இல்ல தம்பி. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க: 4 தடவை சான்ஸ், அதுக்குள்ள 10 யார்டு நகரணும், நகர்ந்தா மறுபடி 4 சான்ஸ். நாலாவதுல பெரும்பாலும் பந்தை உதைச்சு எதிராளிகிட்ட கொடுத்துடுவாங்க, அதனால மூணாவது சான்ஸ்லயும் தூரம் பாக்கி இருந்தா அப்பதான் வயித்தைக் கலக்கும். இது கடைசி பதிலுக்குத் தேவைப்படும்.

கே: எல்எஸ்யூவுக்குப் பந்தை வீசின குவாட்டர்பேக் ஜோ பர்ரோ பெரிய ஆளுன்னா முதல்ல இருந்த காலேஜ்ல ஏன் ஆட விடல?
- என்எஃப்எல் (ப்ரொஃபஷனல் ஃபுட்பால் லீக்) ரசிகர்

ப: ஒஹையோ ஸ்டேட்ல இருந்தார், 2017 சீசன் தொடங்கப் போற நேரத்துல கை எலும்பு முறிஞ்சுது, அந்த கேப்ல இன்னொரு பையன் முன்னாடி போயிட்டான். யார் தப்பும் இல்ல, க்யூவுல நம்ம இடம் போறது அப்படித்தான். டிகிரியை முடிச்சுட்டு 2018-ல எல்எஸ்யூ வந்தார். வந்த வருஷம் 16 டச்டவுன் பாஸ் (எதிராளி எல்லைக் கோட்டைத் தாண்டி பாயிண்ட் வாங்கித் தர்ற பாஸ்), பரவால்ல ரகம், இந்தப் பையன் அடுத்த வருஷம் காலேஜ் ஃபுட்பால்ல சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற ஹைஸ்மன் டிராஃபி வாங்குவான்னு அப்ப யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க. 2019-ல 60! யார்டு கணக்கு 5,671. ஓக்லஹோமா கூட செமிஃபைனல்ல முதல் பாதிலயே 7 டச்டவுன் பாஸ் போட்டார், இடைவேளைல ஸ்கோர் 49-14, அதுக்கு மேல அந்த மேட்சை எதுக்குப் பாக்கணும்.

இவரோட அப்பா ஒஹையோ யூனிவர்சிட்டில (இது வேற காலேஜ்) கோச்சா இருந்தவர், 2019 சீசனுக்கு முன்னாடி ரிட்டயர் ஆகிட்டார், பையன் ஆடறதை நேர்ல பாக்கணும்னு. எனக்கு அந்த 60-ஐ விட இதுதான் பிடிச்சுது.

கே: ஒரே வருஷத்துல ஒரு டீம் இப்படி மாற முடியுமா? ஏதாவது ரகசியம் இருக்கணுமே.
- எஞ்சினியரிங் மாணவர்

ப: ரகசியம்லாம் இல்ல, பிடிவாதத்தை விட்டாங்க. எல்எஸ்யூன்னா பந்தைக் கைல கொடுத்து முட்டி மோதி ஓட விடுற டீம், வருஷக் கணக்கா அதான். ஹெட் கோச் எட் ஓர்ஜரான், லூசியானாக்காரர், தொண்டை கட்டின மாதிரி குரல். அவர்தான் இது இனிமே வேலைக்கு ஆகாதுன்னு நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ்ங்கிற என்எஃப்எல் டீம்ல இருந்து ஜோ பிரேடின்னு 29 வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தார். அஞ்சு பேரை அகலமா பரப்பி நிறுத்து, எவன் ஃப்ரீயா இருக்கானோ அவனுக்குப் போடு, அவ்ளோதான் ஐடியா. அந்த அஞ்சு பேர்ல ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் இருந்தா யாரைன்னு பிடிப்பீங்க! சேஸ் 20 டச்டவுன், ஜெஃபர்சன் 18.

பிரேடி பேரை எல்லாரும் சொல்றாங்க, ஆனா மேட்ச்ல அடுத்து எப்படி ஆடணும்னு சொன்னது பெரும்பாலும் சீனியர் கோச் ஸ்டீவ் என்ஸ்மிங்கர். தன்னை விட ரொம்ப சின்னப் பையன் சொல்றதைக் கேட்டுக்க ஒரு மனசு வேணும்ல? அந்த செமிஃபைனல் அன்னிக்குக் காலைல அவரோட மருமகள் விமான விபத்துல இறந்துட்டாங்க. சேதி தெரிஞ்சும் மனுஷன் ஸ்டேடியத்துல மேல இருக்கற கோச் ரூம்ல போய் உக்காந்து வேலையைப் பார்த்தார். அன்னிக்கு டீம் எடுத்தது 63 பாயிண்ட். இதை எழுதும்போதே ஒரு மாதிரி இருக்கு, அடுத்த கேள்விக்குப் போறேன்.

கே: இதுவரைக்கும் வந்ததுலயே இதுதான் பெஸ்ட் டீமா?
- அதே என்எஃப்எல் ரசிகர்

ப: சண்டை மூட்டுறீங்க. 2001 மயாமி காலேஜ் டீமைச் சொல்றவங்க நிறைய, டிஃபென்ஸ் பார்த்தா நானும் அந்தப் பக்கம்தான். எல்எஸ்யூ டிஃபென்ஸ் நடுவுல ஒழுகின கூரை, வேண்டர்பில்ட் டீமுக்கு 38 பாயிண்ட், ஓல் மிஸ் டீமுக்கு 37 கொடுத்தாங்க, கடைசிலதான் தேறினாங்க. ஆனா 15 மேட்ச்ல 726 பாயிண்ட் அடிச்சு, டாப் 10-ல இருந்த 7 டீமை ஜெயிச்சிருக்காங்க. பாக்க ஜாலியான டீம் எதுன்னா யோசிக்காம இதுதான்.

கே: அப்புறம் ஏன் அடுத்த வருஷமே கவுந்தாங்க?
- ஒரு வாசகர்

ப: ஆள் இல்லையே சார். என்எஃப்எல் டீம்கள் காலேஜ் பசங்களைத் தேர்ந்தெடுக்கிற 2020 டிராஃப்ட்ல 14 பேர் போயிட்டாங்க, முதல் ரவுண்டுல மட்டும் 5. பர்ரோ நம்பர் ஒன். பிரேடி என்எஃப்எல்லுக்கு, டிஃபென்ஸ் கோச் பெய்லர் யூனிவர்சிட்டிக்கு ஹெட் கோச்சா. சேஸ் அந்த சீசன் ஆடவே இல்லன்னுட்டார். அந்த வருஷம் 5 ஜெயிப்பு, 5 தோல்வி. 2021 முடியறதோட ஓர்ஜரானும் கிளம்பிட்டார். காலேஜ் டீம்னா அப்படித்தான், நல்லா பழுத்த உடனே மரத்தை விட்டுப் போயிடும். அந்த ஒரு வருஷத்துக்கு எல்லாப் பழமும் ஒண்ணா பழுத்துச்சு.

கே: மாப்பிள்ளையோட உக்காந்து ஒரே ஒரு சீன் பாக்கணும்னா எது?
- முதல் கேள்வி கேட்ட வாசகி

ப: ஃபைனல் வேண்டாம்மா. 2019 செப்டம்பர் 7, ஆஸ்டின்ல டெக்சாஸ் கூட ஆடினது. எல்எஸ்யூ 37-31னு முன்னால இருக்கு, 3 நிமிஷம் கூட பாக்கி இல்ல. மூணாவது சான்ஸ், போக வேண்டியது 17 யார்டு. பழைய எல்எஸ்யூவா இருந்தா கீழ குனிஞ்சு ஓடிட்டு பந்தை எதிராளிகிட்ட கொடுத்துட்டு சாமி கும்பிட்டிருப்பாங்க. டெக்சாஸ்காரன் கூட்டமா பாஞ்சு வர்றான், பர்ரோ நிதானமா ஒரு அடி நகர்ந்து ஜெஃபர்சனுக்குப் போடறார், 61 யார்டு, டச்டவுன். மாப்பிள்ளை கத்தும்போது கைல காபி டம்ளர் இல்லாம பாத்துக்கங்க.